மியூனிக்–சூரிச் ரயில்: டிக்கெட் எடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

மியூனிக்கிலிருந்து சூரிச் போக இப்போது ரயிலே போதும், மூன்றரை மணி நேரம்தான். 2020 டிசம்பருக்கு முன்பு மியூனிக்குக்கு மேற்கே இருக்கும் கெல்டென்டார்ஃப் தாண்டினால் மின்கம்பியே கிடையாது, டீசல் இன்ஜின்தான் இழுக்கும், கான்ஸ்டன்ஸ் ஏரியிலுள்ள லிண்டாவ் தீவுக்குள் போய் இன்ஜின் மாற்றித் திரும்பி வரவேண்டும், அதிலேயே பயணம் 4 மணி நேரத்தைத் தாண்டிவிடும். மெம்மிங்கன் வழியாக லிண்டாவ் வரை சுமார் 155 கி.மீ. மின்மயமாக்கி, வளைவுகளில் சாய்ந்தபடி ஓடும் ரயிலையும் விட்ட பிறகுதான் இந்த வேகம் வந்தது.

டிக்கெட்டை ஜெர்மன் ரயில்வே ஆப், சுவிஸ் ரயில்வே ஆப் இரண்டிலும் பாருங்கள், ஒரே ரயிலுக்கு விலை வேறு வேறாக இருக்கும். சலுகை டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் தேதி முடிவானதும் எடுத்துவிடுங்கள். ஜெர்மனியின் உள்ளூர் ரயில், பஸ்களுக்கான மாதாந்திர டாய்ச்லாண்ட் டிக்கெட் இதில் செல்லாது.

சீட் பதிவு செய்யும்போது மியூனிக்கிலிருந்து போகிறவர்கள் ரயில் போகும் திசைக்கு வலப்பக்க ஜன்னலைக் கேளுங்கள். லிண்டாவ் தாண்டி ஆஸ்திரியாவின் பிரெகென்ஸ் வரும்போது ஏரித் தண்ணீர் தண்டவாளத்தை ஒட்டியே வரும், சுவிட்சர்லாந்தின் ரோர்ஷாக் பக்கம் மறுபடியும் தெரியும். அந்த இடத்தில் போனைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள்!

லிண்டாவில் இறங்குவதாக இருந்தால் ஒன்று கவனியுங்கள்: இந்த ரயில் தீவிலுள்ள பழைய ஸ்டேஷனுக்குப் போகாது, கரையில் இருக்கும் ரொய்டினில்தான் நிற்கும். அங்கிருந்து தீவுக்கு உள்ளூர் ரயிலோ பஸ்ஸோ பிடிக்க வேண்டும்.

சூரிச் விமான நிலையத்தில் ஃப்ளைட் பிடிக்கிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதுதான். மின்கம்பி வந்துவிட்டது, ஆனால் பாதையின் பல பகுதிகள் இன்னும் ஒற்றைத் தடம். எதிரே வருகிற ரயில் தாமதமானால் நம்முடையதும் காத்து நிற்கும், அடுத்ததோ இரண்டு மணி நேரம் கழித்துத்தான். எனவே ஒரு ரயில் முன்னதாகவே கிளம்புங்கள்.

அப்புறம், மூன்று நாட்டு எல்லைகளைத் தொட்டுப் போகிற பாதை இது. எல்லையில் சோதனை இருக்கலாம், பாஸ்போர்ட்டும் விசா அல்லது வதிவிட அட்டையும் அசலாகவே கையில் இருக்கட்டும். ஐரோப்பிய ஒன்றிய ரோமிங் விதி சுவிட்சர்லாந்துக்குப் பொருந்தாது, உங்கள் பிளானில் அந்த நாடு இல்லாவிட்டால் பிரெகென்ஸ் தாண்டி சுவிஸ் எல்லை வருவதற்குள் டேட்டாவை அணைத்துவிடுங்கள். சூரிச்சில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு ஆட்டுக்கறி வாங்கிப் போகிறீர்களா? தலைக்கு ஒரு கிலோ வரைதான் வரியில்லாமல் விடுவார்கள்.