பழவேற்காட்டு டச்சுக் கோட்டைக்குப் போகிறவர்கள் செய்யக்கூடாத தவறுகள்

சென்னைக்கு வடக்கே இருக்கும் பழவேற்காட்டுக்குப் பலர் ஏரிக்காகவும் பூநாரைக்காகவும் போகிறார்கள். டச்சுக்காரர்கள் 1613-ல் எழுப்பிய கெல்டிரியா கோட்டையும் அங்கேதான் இருக்கிறது. மதிலும் கொத்தளமும் நிமிர்ந்து நிற்கும் என்று நினைத்துக்கொண்டு போவதுதான் முதல் தவறு. கண்ணில் படுவது முள்செடி மண்டிய மேடும் அங்கங்கே தலைகாட்டும் செங்கல்லும் மட்டுமே. 'ஒண்ணுமே இல்லையே' என்று ஐந்து நிமிடத்தில் வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். எனக்கு அது தாங்கவில்லை.

கொஞ்சம் படித்துவிட்டுப் போனால் அந்த மேடே வேறு மாதிரி தெரியும். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை சோழமண்டலக் கரையில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தலைமையிடம் இதுதான். உள்ளே வெடிமருந்து செய்தார்கள். நம் நெசவாளர்களின் துணி இங்கிருந்துதான் கப்பலேறியது. மனிதர்களையும் அடிமைகளாக இங்கிருந்து ஏற்றி அனுப்பினார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு 'பிரிட்டிஷ்காரன் கோட்டை' என்று படத்துக்குக் கீழே எழுதிப் போடாதீர்கள்.

அப்புறம் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம். வாயிலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கியிருக்கிறார்கள், அவசியம் நின்று பாருங்கள். அதைக் காட்டி 'பேய் பங்களா' வீடியோ எடுப்பது, அங்கே புதைக்கப்பட்டவர்களை அவமதிப்பது. கல்லறை மேல் உட்காருவதும் அப்படித்தான்.

ஆசையோடு போகிறவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. கல்லில் எழுத்து மங்கலாக இருந்தால் சாக்பீஸைத் தேய்ப்பது, தண்ணீர் ஊற்றிக் கழுவுவது, பாசியைச் சாவியால் சுரண்டுவது. கெடுதல் செய்யும் எண்ணம் இல்லைதான், ஆனால் சுரண்டும்போது பாசியோடு கல்லின் மேல்தோலும் உதிர்ந்துவிடும். அதற்குப் பதிலாக செல்போன் டார்ச்சைக் கல்லை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். எழுத்தின் விளிம்பில் நிழல் விழும், நேர்வெளிச்சத்தில் தட்டையாகக் கிடந்த வரி துலங்கி வரும். காலையிலோ மாலையிலோ போனால் சாய்வெயிலே இந்த வேலையைச் செய்துவிடும். உச்சிவெயிலில் போனால் வெயிலும் வாட்டும், எழுத்தும் தெரியாது.

புதருக்குள் வெறும் செருப்போடு இறங்காதீர்கள், பாம்பு இருக்கும். மழைக்காலத்தில் பழைய சுவர் மேல் ஏறவே வேண்டாம்.

'யாரும் கவனிக்காத இடம்தானே' என்று ஒரு செங்கல்லையோ ஓட்டுத்துண்டையோ பையில் போட்டுக்கொள்கிறார்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சேதப்படுத்தினால், பெயர் கிறுக்கினால், 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். சட்டத்தை விடுங்கள். ஒரு துண்டு எந்த இடத்தில், எந்த ஆழத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் ஆய்வாளர்கள் காலத்தைக் கணிக்கிறார்கள். நம் வீட்டு அலமாரிக்கு வந்த பிறகு அது வெறும் ஓடு.

கல்லறைத் தோட்டத்தின் கதவு பூட்டியிருந்தால் சுவரேறிக் குதிக்காதீர்கள். பக்கத்தில் விசாரித்தால் சாவி யாரிடம் என்று சொல்லிவிடுவார்கள். வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவர் யாராவது இருந்தால், 'ஐயா, நீங்க சின்னப் பிள்ளையா இருந்தப்ப இந்தக் கோட்டை எவ்வளவு நின்னுச்சு?' என்று கேளுங்கள். அவர் சொல்வதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள்.