நாக்கில் வெள்ளை, ரிப்போர்ட்டில் நெகட்டிவ்: எதை நம்புவது?

போன வருடம் நான்கு முறை எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்தேன். தேவைப்பட்டது ஒன்றுதான்.

பயப்படும்படி ஒன்று நடந்து, ஐம்பதாம் நாள் எடுத்த டெஸ்ட் நெகட்டிவ். நிம்மதியாக இருந்தேன். ஐந்தாவது மாதம் நாக்கிலும் உள்கன்னத்திலும் தயிர் ஒட்டியது போல வெள்ளை. கூகுளில் தேடினேன், இது எச்.ஐ.வி. அறிகுறியாகவும் இருக்கலாம் என்றது, தூக்கம் போச்சு.

நீங்கள் கூகுளுக்குப் போகாமல் கண்ணாடிக்குப் போங்கள். ஈரப் பஞ்சால் மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். திரியாக உரிந்து, அடியில் சிவந்திருந்தால் அநேகமாக கேண்டிடா என்ற காளான். காலையில் எல்லோர் நாக்கிலும் படிகிற மாவு வேறு. துடைத்தும் வராத திட்டு என்றால், அதுவும் புகையிலை போடுகிறவர் என்றால், பல் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

அப்புறம் காரணம். என்னுடையது சட்டைப் பையிலேயே இருந்தது: ஆஸ்துமாவுக்கான ஸ்டீராய்டு இன்ஹேலர். ராத்திரி இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு வாய்கூடக் கொப்பளிக்காமல் படுத்துவிடுவேன். சமீபத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டீர்களா, பல்செட்டைக் கழற்றாமல் தூங்குகிறீர்களா என்று யோசியுங்கள். சுகர் பார்த்துவிடுங்கள்.

டெஸ்ட் விஷயத்தில் நாள் கணக்குதான் எல்லாம். கை நரம்பில் ரத்தம் எடுத்து லேபில் செய்யும் நான்காம் தலைமுறை டெஸ்ட், வைரஸை எதிர்க்க நம் உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியோடு பி24 என்ற வைரஸ் புரதத்தையும் தேடும். சம்பவம் நடந்து 45 நாள் கடந்த நெகட்டிவை நம்பலாம். விரலில் குத்திப் பார்க்கும் ரேபிட் டெஸ்ட்டுக்கு 90 நாள். என் முதல் ரிப்போர்ட்டில் எந்த வகை என்றே போடவில்லை. லேபில் கேட்டு எழுதி வாங்கியிருந்தால் பாதிப் பயம் போயிருக்கும். இடையில் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை எதுவும் சாப்பிட்டிருந்தால் சொல்லிவிடுங்கள், கணக்கு மாறும்.

அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் டெஸ்ட் இலவசம், விவரம் வெளியே போகாது. நான்காவது முறை அங்கே போனபோதுதான் கவுன்சிலர் அக்கா விளக்கினார்: “தம்பி, எச்.ஐ.வி.யால வாயில காளான் வருதுன்னா, பெரும்பாலும் அது பல வருஷமா எதிர்ப்புச் சக்தியை அரிச்சிருக்கணும். அதுக்குள்ள ரத்தம் பூரா ஆன்டிபாடி இருக்கும், டெஸ்ட்ல மாட்டாம போகாது.” தொற்றிய முதல் சில வாரங்களில் அபூர்வமாகச் சிலருக்குக் காளான் வருவதுண்டாம். நாள் போதாமல் எடுத்தவர்கள் மட்டும் இன்னொரு முறை எடுத்தால் போதும். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் எய்ட்ஸ் ஹெல்ப்லைன் 1097-க்கு போன் செய்யலாம். சம்பவம் நடந்து 72 மணி நேரம் ஆகவில்லை என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள், தடுப்பு மாத்திரைக்கு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

காளானுக்கு டாக்டர் க்ளோட்ரிமசோல் மவுத் பெயின்ட் கொடுத்தார். சாப்பாட்டுக்குப் பிறகு தடவி, அரை மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தேன். வெள்ளை போனதும் நிறுத்திவிடாமல் அவர் சொன்ன நாள்வரை தடவுங்கள். நான் நடுவில் நிறுத்தி, திரும்ப வந்து, அதற்கும் ஒரு டெஸ்ட் எடுத்தவன்.