தாயில்லாக் கழுதைக்குட்டியை வளர்க்க

கிழக்குக் கடற்கரைச் சாலையில் தாய் அடிபட்டுக் குட்டி மட்டும் மிஞ்சினால் எங்கள் ஏர்வாடிப் பக்கத்துக் கொட்டகைக்குத்தான் தூக்கி வருவார்கள். முதலில் தொப்புளில் அயோடின். பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் கிடைக்காத குட்டி என்றால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பால்தான் பெரிய வேலை. கழுதைப்பாலில் கொழுப்பு குறைவு, இனிப்பு அதிகம், பசும்பால் நேர்மாறு. அதனால் டபுள் டோன்டு பால் (கொழுப்பு குறைத்த பாக்கெட் பால்) லிட்டருக்கு 20 கிராம் குளுக்கோஸ் கலந்து, வெதுவெதுப்பாகக் கொடுக்கிறோம். சீனி போடாதீர்கள், கழிச்சல் பிடித்துவிடும். முதல் வாரம் இரவு பகலாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. தூக்கம்? அதை மறந்துவிடுங்கள். குட்டி நின்றபடி கழுத்தை முன்னால் நீட்டிக் குடிக்க வேண்டும். தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும். சீக்கிரமே பாட்டிலை விட்டு வாளிக்குப் பழக்குங்கள்.

அப்புறம் கொஞ்சல். வருகிறவர்கள் எல்லாம் மடியில் போட்டுப் படம் எடுக்க ஆசைப்படுவார்கள்; நான் விடுவதில்லை. மனிதர் மேல் முன்னங்காலைத் தூக்கிப்போட்டு விளையாடிய ஆண் குட்டி, வளர்ந்தபின் கடிக்கும். கடித்து விளையாட வந்தால் நகர்ந்துவிடுங்கள். சாதுவான ஒரு கிழட்டுப் பெட்டைக் கழுதையை முதலில் வேலிக்கு அந்தப்பக்கம் நிறுத்தி, மோந்து பழகியபின் சேர்த்துவிடுங்கள். எங்கே உரச வேண்டும், எப்போது விலக வேண்டும் என்பதை அதுவே சொல்லிக்கொடுக்கும். தினமும் குளம்பைத் தூக்கிப் பார்ப்பது மட்டும் உங்கள் வேலை.