கோத்தகிரி தேயிலைத் தோட்ட மண் ரோட்டில் முதல் எம்டிபி (மலைச் சைக்கிள்) சவாரி: பிரேக்கிலிருந்து ஆரம்பிப்போம்

மலையில் சைக்கிள் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் ஏற்றத்தை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம், ஒன்றும் ஆகாது. கை உடைவதும் முழங்கால் கிழிவதும் இறக்கத்தில்தான். அதனால் இந்த விளக்கத்தில் பாதிக்கு மேல் இறக்கத்தையும் அதற்கான தயாரிப்பையும் பற்றியே இருக்கும். முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயில், டிஸ்க் பிரேக், 2.1 அங்குலத்துக்குக் குறையாத டயர் என்று ஒரு சைக்கிள் இருந்தால் போதும். அதைவிட விலை கூடியது முதல் வருஷத்துக்குத் தேவையில்லை.

எங்கே, எப்போது

கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேற்கே 2,637 மீட்டர் தொட்டபெட்டா தென்மேற்குப் பருவமழையைப் பெருமளவு மறைத்துவிடும். மலையின் மேற்குப் பக்கம் கூடலூரில் ஜூலையில் கொட்டித் தீர்க்கும்போது இங்கே சாரல்தான். ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை இந்தப் பக்கம்தான் அடிக்கும். 2009 நவம்பரில் நீலகிரியில் பெரிய மண்சரிவுகள் வந்ததும் அந்த மழையில்தான். செம்மண் நனைந்தால் டயர் பட்டன்களின் இடைவெளியில் அப்பிக்கொள்ளும். பிறகு அது மொழுக்கை டயர் மாதிரியே வழுக்கும். முதல் சவாரிக்கு ஜனவரியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை சரி. ஏப்ரல், மே மாதங்களில் தார் ரோடு முழுக்கச் சுற்றுலா வண்டிகள்.

பாதைகள் மூன்று வகை. முதலாவது தார் ரோடு. கோத்தகிரியிலிருந்து கோடநாடு காட்சிமுனை வரை சுமார் 18 கி.மீ., தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஏறி இறங்கிப் போகும். சைக்கிளும் உடம்பும் பழக இதில் ஒரு காலை ஓட்டிப் பார்ப்பது நல்லது. இரண்டாவது எஸ்டேட் மண் ரோடு, நாம் பழகப் போகும் இடம். மலைச் சரிவைச் சுற்றிக்கொண்டு டிராக்டர் போகிற அகலத்தில் இருக்கும், சரிவும் மிதமாக இருக்கும். ஆனால் இது தனியார் நிலம். எஸ்டேட் அலுவலகத்திலோ வாட்ச்மேனிடமோ முந்தின நாளே கேட்டுவிடுங்கள். மருந்து அடிக்கும் நாளா என்றும் சேர்த்துக் கேளுங்கள். பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை வேலை இருக்காது, டிராக்டர் தொல்லையும் இருக்காது. மூன்றாவது காட்டுப் பாதை. காப்புக்காட்டில் வனத்துறை அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். சட்டத்தை விட்டாலும், யானையும் கரடியும் நடமாடும் இடத்தில் சத்தமில்லாமல் வேகமாகப் போகிற ஒரு வண்டியில் போவதே புத்திசாலித்தனம் இல்லை.

எஸ்டேட் ரோட்டிலிருந்து செடிகளுக்கு நடுவே பிரிகிற குறுக்குவழிகள் கண்ணை இழுக்கும். கொழுந்து பறிப்பவர்கள் நடக்கும் வழி அது. செங்குத்தாக இறங்கும், நடுவில் படிகள் இருக்கும். கவாத்து வெட்டிய செடிகளின் கட்டைகள் இரண்டு பக்கமும் கூராக நிற்கும். அதன்மேல் விழுந்தால் தையல் போட வேண்டி வரும். அந்தப் பக்கம் திரும்பவே வேண்டாம்.

சமவெளியிலிருந்து சைக்கிளைக் காரில் ஏற்றி வருகிறவர்கள் காருக்கு இ-பாஸ் எடுத்தாக வேண்டும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை இருக்கிறது, சோதனைச் சாவடியிலேயே வாங்கிக்கொள்வார்கள்.

வீட்டிலேயே முடிக்க வேண்டிய வேலை

முதலில் பிரேக். நம் ஊர்ச் சைக்கிளில் பொதுவாக வலது கை லீவர் முன் பிரேக். வெளிநாட்டிலிருந்து வந்த சைக்கிளிலும் செகண்ட் ஹேண்டில் வாங்கியதிலும் மாறி இருக்கலாம். முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு எந்த லீவர் அதை நிறுத்துகிறது என்று பாருங்கள். கை தன் பழக்கத்தில் பிடிக்கும் பிரேக்தான் மலையில் பிடிபடும், அது எது என்பதில் குழப்பமே இருக்கக் கூடாது.

கேபிள் டிஸ்க் (கம்பி இழுத்துப் பிடிக்கும் டிஸ்க் பிரேக்) என்றால் லீவரை முழுக்க அமுக்கும்போது அதற்கும் கைப்பிடிக்கும் நடுவே இரண்டு விரல் இடமாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் லீவரில் கேபிள் நுழையும் இடத்தில் உள்ள திருகை வெளிப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள், கேபிள் இறுகும். சக்கரத்தைச் சுற்றினால் ரோட்டார் (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு) உரசும் சத்தம் தொடர்ந்து வருகிறதா? அப்படியானால் கூடுதலாக இறுக்கிவிட்டீர்கள். ஹைட்ராலிக் (கம்பிக்குப் பதில் திரவ அழுத்தத்தில் இயங்குவது) என்றால் லீவர் ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்குகிறதா என்று பாருங்கள். அமுங்கினால் உள்ளே காற்று இருக்கிறது, கடையில் கொடுத்து அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும், அதாவது ப்ளீட் செய்ய வேண்டும். அந்த வேலையை முதல் தடவையே சொந்தமாகச் செய்து பார்க்க வேண்டாம்.

ரோட்டாரைக் கவ்விப் பிடிக்கும் பேடில் உரசும் பொருள் 1 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்றிவிட்டே மலைக்கு வாருங்கள். அரை மில்லி வரை ஓட்டலாம் என்பது உண்மைதான், ஆனால் ஒரே நீள இறக்கத்தில் அந்த மிச்சமும் தேய்ந்துவிடும். புதுப் பேடைப் போட்ட கையோடு மலையில் இறங்கவும் கூடாது. சமதரையில் மணிக்கு 20 கி.மீ. வேகம் பிடித்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் நடக்கிற வேகத்துக்குக் குறைக்க வேண்டும். முன், பின் பிரேக் இரண்டுக்கும் தனித்தனியாக இருபது தடவை. பேடின் பொருள் ரோட்டார் மேல் மெல்லிய படலமாகப் படிந்த பிறகுதான் பிரேக் முழுசாகப் பிடிக்கும். செயினுக்கு ஸ்ப்ரே எண்ணெய் அடிக்கும்போது ஒரு துளி ரோட்டார் மேல் பட்டாலும் பேட் போய்விடும். சொட்டு பாட்டிலில் ஒரு கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, பத்து நிமிஷம் கழித்து வெளியில் இருப்பதைத் துடைத்துவிடுங்கள்.

அடுத்தது காற்று. கடையில் வழக்கமாக 45, 50 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடித்துக் கொடுப்பார்கள். தார் ரோட்டில் சுகமாக ஓடும். கல் ரோட்டில் அந்த டயர் பந்து மாதிரி துள்ளும், துள்ளுகிற டயர் மண்ணைப் பிடிக்காது. 60 முதல் 75 கிலோ எடையுள்ளவர், டியூப் உள்ள 2.1 அல்லது 2.25 டயர் என்றால் முன்னால் 28, பின்னால் 32 பிஎஸ்ஐ என்று ஆரம்பியுங்கள். எடை 85க்கு மேல் என்றால் இரண்டிலும் மூன்று, நான்கு கூட்டுங்கள். இன்னும் இறக்கினால் கல்லில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கும், பாம்பு கடித்த மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். அந்த இரட்டை ஓட்டையைப் பார்த்தால் முள்ளைத் தேட வேண்டாம், காற்று குறைவு என்று அர்த்தம். விலை குறைந்த டயர்களில் பக்கச் சுவரில் அச்சடித்திருக்கும் கீழ் வரம்பே 35, 40 பிஎஸ்ஐயாக இருக்கும். அதற்குக் கீழே போகக் கூடாது. அந்த டயரோடு மெதுவாக ஓட்டுவதைத் தவிர வழியில்லை.

சமவெளியிலிருந்து மேலே வந்தால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் சுமார் 2 பிஎஸ்ஐ கூடக் காட்ட வேண்டும். ஆனால் குளிரில் டயருக்குள் இருக்கும் காற்று சுருங்கி அதைக் கிட்டத்தட்ட ஈடுகட்டிவிடும். எப்படியும் கிளம்பும் இடத்தில் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள்.

முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் சஸ்பென்ஷன் ஃபோர்க்குக்குச் சின்ன வேலைதான், உங்கள் எடையில் அது எவ்வளவு அமுங்குகிறது என்று பார்ப்பது. ஃபோர்க்கின் மேல் குழாயைச் சுற்றி ஒரு கேபிள் டையைக் கட்டி, கீழ்க் குழாயின் வாயில் இருக்கும் ரப்பர் சீல் வரை கீழே தள்ளிவிடுங்கள். யாராவது சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, ஹெல்மெட், பையோடு மெதுவாக ஏறி நின்றுவிட்டு மெதுவாக இறங்குங்கள். 100 மி.மீ. ஃபோர்க்கில் டை 20 முதல் 25 மி.மீ. நகர்ந்திருக்க வேண்டும். காற்று ஃபோர்க் என்றால் காற்றைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யலாம். ஸ்பிரிங் ஃபோர்க்கில் மேலே உள்ள, ஸ்பிரிங்கை இறுக்கும் ப்ரீலோட் திருகு கொஞ்சம்தான் மாற்றும், அதோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

கடைசியாக 4, 5 மி.மீ. ஆலன் கீயால் ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் துண்டு), ஹேண்டில்பார், சீட் கிளாம்ப் போல்ட்டுகளைத் தொட்டுப் பாருங்கள். ஸ்டெம் போல்ட் பலவற்றுக்கு 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் போதும். பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் மரை போய்விடும். பெடலைக் கழற்றி மாட்டுகிறவர்கள், இடது பெடலுக்கு மரை தலைகீழ் என்பதை மறக்க வேண்டாம்.

பையில்

டயர் அளவுக்குச் சரியான மாற்று டியூப், டயர் லீவர் இரண்டு, கைப்பம்பு, பஞ்சர் ஒட்டு, செயின் கட்டர் உள்ள மல்டி டூல், அறுந்த செயினை இணைக்க, உங்கள் கியர் எண்ணிக்கைக்குப் பொருந்தும் க்விக் லிங்க். டியூபின் வால்வும் பம்பின் தலையும் பொருந்துகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். மலையில் தெரிந்தால் நடைதான். தண்ணீர் இரண்டு லிட்டர், ஓஆர்எஸ், கடலை மிட்டாய், மெல்லிய மழைக்கோட்டு. முழு விரல் கிளவுஸும் முட்டிப் பாதுகாப்பும் ஹெல்மெட்டுக்கு அடுத்தபடி அவசியம். ஈரமான மாதங்களில் அட்டை ஏறும், கொஞ்சம் உப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்றம்

ஏற்றம் ஆரம்பிக்கும் முன்பே கியரைக் குறையுங்கள். மிதித்து அழுத்தும்போது மாற்றினால் செயின் பல்லில் ஏறாமல் கடகடக்கும், சில நேரம் அறுந்தே போகும். சீட்டின் முன் நுனிக்கு நகர்ந்து, முழங்கையை மடக்கி, மார்பைத் தாழ்த்துங்கள். எழுந்து நின்று மிதித்தால் பின் சக்கரத்தின் மேல் பாரம் குறைந்து, உதிரிக் கல்லில் சும்மா சுற்றும்.

இறக்கம்

நின்று செய்ய வேண்டியது முதலில்: சீட்டை 5 முதல் 7 செ.மீ. இறக்குங்கள், ஃபோர்க் அமுங்காமல் பூட்டும் லாக்கைத் திறந்துவிடுங்கள். லாக்கைத் திறக்க மறந்தால் முதல் குழியிலேயே மணிக்கட்டு அதை ஞாபகப்படுத்தும்.

பெடல் இரண்டும் தரைக்கு இணையாக, குதிகால் தாழ்ந்து, முழங்காலும் முழங்கையும் மடங்கி, உட்காராமல் நிற்க வேண்டும். இடுப்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள். கொஞ்சம்தான். பின் டயருக்கு மேலே போய்த் தொங்கினால் முன் சக்கரத்தில் பாரமே இல்லாமல் போகும். ஹேண்டிலைத் திருப்பினாலும் சைக்கிள் நேராகத்தான் போகும். பாரம் காலில் இருக்கிறதா என்று சோதிக்க, கைப்பிடியை ஒரு கணம் தளர்த்திப் பாருங்கள். உடம்பு முன்னாலோ பின்னாலோ சாய்ந்தால் நிலை சரியில்லை.

பிரேக்கில் எப்போதும் ஆள்காட்டி விரல் மட்டும் இருக்கட்டும், கேபிள் பிரேக் என்றால் இரண்டு விரல். மீதி விரல்கள் கைப்பிடியை விடக் கூடாது. புதிதாக வருகிறவர்கள் இறக்கம் முழுக்க லேசாகப் பிடித்துக்கொண்டே வருவார்கள். ரோட்டார் ஆறவே நேரம் கிடைக்காது. பேடின் மேற்பரப்பு கருகிக் கண்ணாடி போலாகி, லீவரை அமுக்கினாலும் வேகம் குறையாது. நேரான இடத்தில் இரண்டையும் சேர்த்து நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், பிறகு முழுக்க விடுங்கள். அப்புறம் மறுபடி பிடியுங்கள். கருகிய வாசனை வந்தால் நின்று ஐந்து நிமிஷம் ஆறவிடுங்கள். ரோட்டாரை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டாம், தோல் ஒட்டிக்கொள்ளும்.

முன் பிரேக்கைப் பிடித்தால் குப்புற விழுவோம் என்று பயந்து பின் பிரேக்கை மட்டும் நம்புவது இன்னொரு தவறு. இறக்கத்தில் பாரம் முன்னால்தான் விழும், நிறுத்தும் சக்தியும் அங்கேதான். பின் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபடும், பாதையையும் உழுதுவிடும். முன் பிரேக் ஆபத்தாவது அதைத் திடீரென்று முழுக்க அமுக்கும்போதும் சக்கரம் திரும்பியிருக்கும்போதும்தான். அதனால் வளைவுக்கு முன்பே பிரேக் வேலையை முடித்துவிட்டு, வளைவுக்குள் விரலைத் தளர்த்துங்கள். வெளிப்பக்கப் பெடல் கீழே, பார்வை வளைவு முடியும் இடத்தில். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்குத்தான் போவீர்கள்.

எஸ்டேட் ரோட்டில் தண்ணீர் வடிய ரோட்டின் குறுக்கே வாய்க்கால் வெட்டியிருப்பார்கள், பெரும்பாலும் சாய்வாக. அதன் போக்கிலேயே சாய்ந்து கடந்தால் முன் சக்கரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். வாய்க்காலுக்குச் செங்குத்தாகத் திரும்பி, கைப்பிடியைக் கொஞ்சம் இலகுவாக்கிக் கடக்க வேண்டும். அரை அடிக்கு மேல் ஆழமென்றால் இறங்கித் தூக்கிக்கொண்டு போங்கள். சில்வர் ஓக் சருகு குவிந்த இடத்தில் பிரேக்கும் வேண்டாம், திருப்பவும் வேண்டாம். அடியில் ஈரமும் கல்லும் ஒளிந்திருக்கும்.

ஒரே இறக்கத்தை மூன்று முறை ஓட்டுவது மூன்று இறக்கங்களை ஒருமுறை ஓட்டுவதைவிட அதிகம் கற்றுத்தரும். முதல் முறை நடந்தே பாருங்கள்.

காட்டுமாடு நின்றால்

கோத்தகிரி, குன்னூர் தோட்டங்களில் காட்டுமாடு பகலிலேயே மேயும். தேயிலைச் செடி அதன் கால்களை மறைத்துவிடும், கரும்பாறை என்று நினைத்து நெருங்கிவிடுவோம். ஐம்பது மீட்டருக்கு முன்பே நின்று, சைக்கிளைக் குறுக்கே வைத்துக்கொண்டு காத்திருங்கள். பெல் அடிப்பது, கல் எறிவது, படமெடுக்க நெருங்குவது எதுவும் வேண்டாம். கன்று இருந்தாலோ தனி ஆண் மாடு தலையைத் தாழ்த்தினாலோ வந்த வழியே திரும்புங்கள். மேட்டுப்பாளையம் ரோட்டில் உள்ள குஞ்சப்பனை பக்கம் பலாப்பழக் காலத்தில் யானை வரும், அந்த மாதங்களில் அங்கே சைக்கிளே வேண்டாம். எந்த மாதமானாலும் காலை ஏழுக்கு முன்பும் மாலை நாலரைக்குப் பிறகும் மண் ரோட்டில் இருக்காதீர்கள். மதியத்துக்கு மேல் மஞ்சு இறங்கினால் இருபது அடி கூடத் தெரியாது. தனியாகவும் போக வேண்டாம். சரிவுகளில் செல்போன் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். 108ஐக் கூப்பிட ஒருவர் சிக்னல் இருக்கும் இடத்துக்குப் போயாக வேண்டும்.

தலைச்சுமையோடு வருகிறவர்களைப் பார்த்தால் இறங்கி, ஓரமாக நின்று வழி விடுங்கள்.

திரும்பியதும்

வாட்டர் சர்வீஸில் விட்டு அழுத்தத் தண்ணீர் அடிக்க வேண்டாம், ஹப்பிலும் பெடல் அச்சிலும் இருக்கும் கிரீஸ் கழுவப்பட்டுவிடும். வாளித் தண்ணீரும் பிரஷும் போதும். செயினைத் துடைத்துக் காயவைத்த பிறகே எண்ணெய். டயரைக் கையால் தடவி முள், கல் துண்டு குத்தியிருக்கிறதா என்று பாருங்கள். கேபிள் பிரேக் என்றால் பேட் தேய்ந்த அளவுக்கு லீவர் கைப்பிடியை நெருங்கியிருக்கும். முதலில் பேடைப் பாருங்கள், மிச்சம் இருந்தால் மட்டும் திருகைத் திருப்புங்கள்.