ஆக்சிலுக்குள் வந்த பால்

ஓடை கடந்து வந்த மறுநாள், என் பழைய ஜீப்பின் முன்பக்க டிஃபரென்ஷியலில் (முன் சக்கரங்களை இணைக்கும் ஆக்சிலின் நடுவே உள்ள கியர் பெட்டி) ஆயில் வடிக்கும் டிரெயின் போல்ட்டைக் கழற்றினேன். ஆயிலுக்குப் பதில் பால் மாதிரி ஏதோ வழிந்தது. தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆயில் கசியாமல் தடுக்கும் சீல்தான் போச்சு என்று புதுசு மாட்டினேன். அடுத்த ஓடையிலும் அதே கதை.

அப்புறம்தான் ஆக்சில் மேலிருக்கும் பிரீதரை, அதாவது உள்ளே காற்று போய்வரும் சின்ன வழியைப் பார்த்தேன். சேறு அடைத்து இறுகியிருந்தது. ஓடிச் சூடான ஆக்சில் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கும்; பிரீதர் மூச்சு விடாவிட்டால் சீல் ஓரமாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.

அடைப்பை எடுத்து, ரப்பர் ஹோஸ் மாட்டி பானெட்டுக்குள் உயரமாகக் கட்டினேன். ஆக்சில் மேலும் கீழும் ஆடுமே, அதனால் கொஞ்சம் தளர்வாக விட்டேன். பழையதை வடித்து 90 நம்பர் கியர் ஆயில் ஊற்றினேன். சீலுக்குக் கொடுத்த காசுதான் வயிற்றெரிச்சல்.