உங்கள் பட்டப்படிப்பை நீங்களே வடிவமைப்பது எப்படி?

திருகோணமலையிலிருந்து அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் தம்பி தங்கச்சிமாருக்குத்தான் இது. பிரவுன் பல்கலைக்கழகத்திலும், நியூயோர்க் பல்கலைக்கழகத்தின் கலட்டின் பிரிவிலும் (1972இல் தொடங்கியது) பல துறைகளைச் சேர்த்து உங்கள் முதன்மைப் பாடத்தை நீங்களே அமைக்கலாம்.

முதலில் பாடங்களைத் தேடாதீர்கள், ஒரு கேள்வியைத் தேடுங்கள். 'கடலும் சமூகமும்' என்பது வெறும் தலைப்பு. 'கடல் சூடாகிப் புறாத்தீவுப் பவளப்பாறைகள் வெளிறினால், கரைவலை இழுக்கும் குடும்பங்களின் வருமானம் என்னாகும்?' என்று கேட்டுப் பாருங்கள், கடல் உயிரியல், பொருளியல், மானிடவியல், புள்ளிவிபரவியல் எல்லாம் தானாக உள்ளே வந்துவிடும். இந்த இடத்தில் அவசரப்படவே வேண்டாம், கடற்கரையில் நாலு பேரோடு கதைத்துவிட்டு எழுதுங்கள்.

பிறகு, உங்கள் படிப்புத் திட்டத்தை எழுதும்போது, ஏற்கெனவே உள்ள ஒரு துறையில் ஏன் இதைப் படிக்க முடியாது என்று ஒரு பந்தியில் சொல்லுங்கள். அது பலவீனமாக இருந்தால் முழுத் திட்டமும் ஆட்டம் காணும். பாடப் பட்டியல் போடும்போது அறிமுகப் பாடங்களாகவே குவிக்காமல், ஒரு துறையிலாவது ஆழமாக இறங்குங்கள். ஆய்வுமுறைப் பாடம் ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

வழிகாட்ட ஒரு பேராசிரியர் வேண்டும். அவருக்கு அனுப்பும் மின்னஞ்சலில் அந்தக் கேள்வியை முதல் வரியிலேயே வையுங்கள்.