தராசு கையில் இல்லையா? பச்சைக் குழந்தை எடை குறைவா என்று அளந்து பார்ப்பது எப்படி

பிறக்கும்போது 2,500 கிராமுக்குக் குறைவாக இருந்தால் எடை குறைந்த குழந்தை. மாதம் நிறைந்து பிறந்தாலும் சரி, முந்திப் பிறந்தாலும் சரி, கணக்கு இதுதான். தராசு இருந்தால் தராசில்தான் போட வேண்டும். வீட்டிலோ போகிற வழியிலோ பிரசவம் ஆகிவிட்டால் ஒரு ஸ்கேலும் ஒரு டேப்பும் உதவும். எத்தனை கிராம் என்று அவை சொல்லாது. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமா என்று சொல்லும்.

கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஃபேனை நிறுத்திக் கதவைச் சாத்துங்கள். சின்னக் குழந்தைக்குச் சட்டென்று உடம்பு சில்லிட்டுவிடும்.

படி 1: பாதம்

நான் இதில்தான் தொடங்கச் சொல்வேன். துணியை அவிழ்க்க வேண்டாம், ஒரு கால் வெளியே வந்தால் போதும். வளையாத பிளாஸ்டிக் ஸ்கேலை உள்ளங்காலோடு ஒட்டிப் பிடித்து, குதிகாலிலிருந்து கட்டைவிரல் நுனிவரை அளக்கவும். விரல் மடங்கியிருந்தால் மெல்ல நீவிவிடுங்கள். பல ஸ்கேல்களில் பூஜ்யம் விளிம்பில் இருக்காது, கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும். குதிகால் அந்தக் கோட்டில்தான் இருக்க வேண்டும். இங்கே இரண்டு மில்லிமீட்டர் கூட முடிவை மாற்றிவிடும். இரண்டு முறை அளந்து பாருங்கள்.

7 செ.மீ.க்குக் கீழே என்றால் யோசிக்கவே வேண்டாம், கிளம்புங்கள். 7-க்கும் 8-க்கும் நடுவில் என்றால் நல்ல குழந்தையாகவும் இருக்கலாம், எடை குறைந்ததாகவும் இருக்கலாம். அன்றே தராசில் போட்டுப் பார்க்க வேண்டும். இந்த எல்லை ஊருக்கு ஊர் சற்று மாறும். பிறந்த சில நாளில் எல்லாக் குழந்தைக்கும் எடை கொஞ்சம் இறங்கும், பாதம் சுருங்காது. அதனால் மூன்றாம் நாள் அளந்தாலும் பயன் உண்டு.

படி 2: மார்பு

டேப்பை முலைக்காம்புக்கு நேராகச் சுற்றுங்கள். முதுகுப் பக்கம் சரிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் தப்பு அங்கேதான் நடக்கும். அழும்போது அளக்காதீர்கள், அமைதியாக மூச்சை விடும்போது படியுங்கள். பல நாடுகளில் அளந்து பார்த்து உலக சுகாதார நிறுவனம் 1993-ல் சொன்ன கணக்கு: 29 செ.மீ.க்குக் கீழே அதிக ஆபத்து, 29 முதல் 30 வரை கவனம் தேவை. பழைய தையல் டேப் இழுபட்டு நீண்டிருக்கும், முதலில் ஸ்கேலோடு வைத்துச் சரிபாருங்கள்.

படி 3: புஜம்

தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், சதையை அழுத்தாமல். 9 செ.மீ.க்குக் கீழே என்றால் சந்தேகம்தான்.

தலையை அளக்க வேண்டாமா என்று கேட்பார்கள். பிரசவத்தில் தலை நசுங்கி நீண்டிருக்கும், வீக்கமும் இருக்கும். இப்போதைக்கு அதை விடுங்கள்.

அளவு குறைவாக வந்தால் குளிப்பாட்டாதீர்கள். தலைக்குத் துணியோ குல்லாவோ மாட்டி, தாயின் வெறும் மார்போடு அணைத்துப் படுக்கவைத்து, மேலே போர்த்துங்கள். தாய்ப்பால் கொடுக்கச் சொல்லிவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். அளவையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கையோடு அனுப்புங்கள். அப்புறம் ஒன்று: அளவெல்லாம் சரியாக இருந்தும் குழந்தை பால் இழுக்கவில்லை, துவண்டு கிடக்கிறது என்றால் ஸ்கேலை ஓரமாக வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.